கால்விரலில் 98, கணைக்கால் தசையில் 49: ஓர் எலும்பு முறிவு இரவின் நிகழ்வு ஆய்வு

அடையாளம் தெரியாதபடி நோயாளியின் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. நான் அன்றிரவு மயக்கவியல் பிரிவில் பணியில் இருந்தவன். எலும்பு அறுவைப் பிரிவின் முடிவுகளை அவர்களுடைய குறிப்பிலிருந்தும், எங்கள் அளவீடுகளை மயக்கவியல் பதிவிலிருந்தும் எடுத்திருக்கிறேன்.

பின்னணி

நோயாளி 27 வயது ஆண், சரக்கு ஆட்டோ ஓட்டுபவர். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. பீடி பழக்கம் உண்டு. மாலை 7 மணி வாக்கில் பைக்கில் இருந்து விழுந்து வலது கணைக்கால் வண்டிக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தோல் கிழியவில்லை, கால் லேசாகக் கோணியிருந்தது.

உறவினர்கள் முதலில் எலும்பு முறிவுக்கு நாட்டுக் கட்டுப் போடும் ஓர் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். இரவு 9 மணிக்குக் காலை இழுத்து நேராக்கி, பச்சிலையும் முட்டை வெள்ளையும் தடவிய துணியைச் சுற்றி, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். 11 மணிக்குள் வலி தாங்க முடியாமல் போனது. "கட்டுப் போட்டா வலிக்கத்தான் செய்யும், காலையில சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நள்ளிரவு 12.40க்கு எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார்.

கட்டுப் போட்டவர்கள் மேல் மட்டும் பழி போட்டு இதை முடித்துவிட முடியாது. முறிந்த எலும்பைச் சுற்றி ரத்தம் கசிந்து வீங்குகிற முதல் நாளில், விட்டுக்கொடுக்காத எந்த உறை சுற்றியிருந்தாலும் இதே ஆபத்துதான். மருத்துவமனையில் போடும் முழு மாவுக்கட்டும் அப்படி ஓர் உறைதான்.

கணைக்காலின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இங்கே தசைகள் நான்கு அறைகளில் இருக்கின்றன: முன்னறை, பக்கவாட்டு அறை, பின்புறத்தில் மேலறை ஒன்று, ஆழறை ஒன்று. ஒவ்வொன்றையும் ஃபேஷியா என்கிற தடித்த உறையும் எலும்பும் சூழ்ந்திருக்கின்றன. அந்த உறை அதிகம் விரியாது. உள்ளே ரத்தமோ நீரோ சேர்ந்தால் அழுத்தம் ஏறும். அறைக்குள் அழுத்தம் ஏறினால் முதலில் நசுங்குவது மெல்லிய சுவருள்ள சிரைகளும் நுண்குழாய்களும்தான். ரத்தம் வெளியே போக முடியாமல் தேங்கும், நீர் கசியும், அழுத்தம் இன்னும் ஏறும். இதைத்தான் கம்பார்ட்மென்ட் சின்ட்ரோம் என்கிறோம். 1881-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன், இறுக்கமான கட்டுகளுக்குப் பிறகு தசை செத்துச் சுருங்குவதை விவரித்தார். ரத்தம் இல்லாமல் தசை சுமார் 4 மணி நேரம் வரை பெரும்பாலும் தாங்கும். 8 மணி நேரமானால் பெரும்பகுதி திரும்பாது.

அவசரப் பிரிவில்

பணி மருத்துவர் வந்தவுடன் கட்டை முழுவதுமாக வெட்டி எடுத்தார், உள்ளே ஒட்டியிருந்த துணியையும் சேர்த்து. இது சரியான முதல் வேலை. வெளி இறுக்கம் போனாலே உள் அழுத்தம் கணிசமாக இறங்கும். வலி குறைந்தது, நோயாளி தண்ணீர் கேட்டார். எக்ஸ்ரேயில், கணைக்காலின் பெரிய எலும்பான டிபியாவின் நடுப்பகுதியிலும், அதன் பக்கத்தில் இருக்கும் மெல்லிய எலும்பான ஃபிபுலாவிலும் முறிவு. பின்பக்கம் மட்டும் மாவுப் பட்டை வைத்துத் தளர்வாகக் கட்டினார்கள். காலை முதல் கேஸாகக் கம்பி ஆணி வைப்பது என்று திட்டம்.

அப்போது கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டவை: பாதத்தில் நாடி தெரிகிறது. விரல்கள் சூடாக உள்ளன, அசைக்கிறார். கட்டைவிரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 98%. ரத்த அழுத்தம் 122/70.

இவை எல்லாமே உண்மை. ஆனால் நமக்கு வேண்டிய கேள்விக்கு இவற்றில் ஒன்றும் பதில் இல்லை. பாதத்துக்குப் போகும் முன் டிபியல் தமனி முன்னறைக்குள்ளேயேதான் ஓடுகிறது. அதனுள் அழுத்தம் 120க்கும் 70க்கும் இடையே ஏறி இறங்கும். அறைக்குள் 40 இருந்தாலும் அது நசுங்காது, தாண்டிப் போய்விடும். பக்கத்திலேயே இருக்கிற தசையின் நுண்குழாய்க்குள் அழுத்தம் 20, 30 அளவுதான். அது நின்றுவிடும். பல்ஸ் ஆக்சிமீட்டர் துடிக்கிற ரத்தத்தை மட்டும் பிரித்துப் பார்க்கும் கருவி. ஆகவே அது காட்டுவது விரலுக்கு வந்து சேர்ந்த தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை. நடுவழியில் பட்டினி கிடக்கிற தசைக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

தசைமேல் வைத்த சென்சார்

இதய அறுவைத் தியேட்டரில் மூளையின் ஆக்சிஜனைக் கண்காணிக்க ஒரு கருவி இருக்கிறது. நெற்றியில் பட்டை ஒட்டினால், அகச்சிவப்புக்கு நெருக்கமான அலைநீளத்தில் ஒளியைச் செலுத்தி, அடியில் இருக்கும் திசுவில் எவ்வளவு ஹீமோகுளோபின் ஆக்சிஜனோடு இருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லும். அன்றிரவு அது சும்மா நின்றது. இரவு முழுவதும் வார்டில் கவனிக்க வேண்டிய கால் என்பதாலும், நோயாளியிடமும் அவருடைய அண்ணனிடமும் விளக்கி ஒப்புதல் வாங்கியதாலும் அதைக் கணைக்காலில் ஒட்டினோம்.

இந்த முறைக்கு அடிப்படை போட்டவர் ஃபிரான்ஸ் யோப்சிஸ். 700 முதல் 900 நானோமீட்டர் வரையான ஒளி தோலையும் எலும்பையும் ஓரளவு ஊடுருவும் என்பதை வைத்து, உயிருள்ள மூளையிலும் இதயத்திலும் ஆக்சிஜன் நிலையை வெளியிலிருந்தே பார்க்கலாம் என்று 1977-இல் காட்டினார். ஆக்சிஜன் உள்ள ஹீமோகுளோபினும் இல்லாத ஹீமோகுளோபினும் வெவ்வேறு அலைநீளத்தில் ஒளியை வெவ்வேறு அளவில் விழுங்கும். அந்த வித்தியாசம்தான் கணக்கு. பெரிய குழாய்களுக்குள் போன ஒளி திரும்பி வராது, அங்கேயே விழுங்கப்பட்டுவிடும். எனவே வருகிற எண் பெரும்பாலும் சின்னக் குழாய்களின் எண், அதிலும் சிரைப் பக்கத்தின் பங்கு அதிகம். நாடித் துடிப்பு இதற்குத் தேவையில்லை. பல்ஸ் ஆக்சிமீட்டரிலிருந்து இது மாறுபடுவது இங்கேதான்.

இந்தக் கருவியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒளி போகும் ஆழம், விளக்குக்கும் உணரிக்கும் உள்ள தூரத்தில் ஏறத்தாழ பாதி. 4 செ.மீ. தூரம் என்றால் 2 செ.மீ. ஆழம். தோலுக்கடியில் கொழுப்பு தடித்திருந்தால் தசையைப் பார்க்காமல் கொழுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். தோலின் மெலனின் ஒளியில் ஒரு பங்கை விழுங்கும், நம் ஊர் நோயாளிகளிடம் இதை மறக்கக்கூடாது. உறைந்த ரத்தக்கட்டின் மேல் ஒட்டினால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்கிற புரதத்தையும் ஹீமோகுளோபினையும் இதனால் பிரித்தறிய முடியாது. இத்தனைக்கும் ஓரளவு மாற்று, அதே ஆளின் நல்ல காலில் அதே இடத்தில் இன்னொரு பட்டை ஒட்டி இரண்டையும் அருகருகே பார்ப்பது. அப்படியே செய்தோம்: இரண்டு முன்னறைகளின் மேலும் ஒவ்வொன்று. கன்றிப்போன இடத்தைத் தவிர்க்க, வலது காலில் பட்டையை முறிவுக்குக் கொஞ்சம் கீழே தள்ளி ஒட்ட வேண்டியிருந்தது. இடது காலிலும் அதே உயரத்தில் ஒட்டினோம்.

நள்ளிரவு 1.15க்கு வலது கால் 74%, இடது கால் 67%.

அடிபட்ட கால் நல்ல காலைவிட அதிகம்! அங்கே நின்ற பயிற்சி மருத்துவர்கள் முகத்தில் நிம்மதி. நிம்மதிக்கு அதில் இடமில்லை. முறிவுக்குப் பிறகு அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடும். போதாததற்கு, கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் இறுகிக் கிடந்த கட்டை அப்போதுதான் அவிழ்த்திருந்தார்கள், அடைபட்டிருந்த ஓட்டம் பாய்ந்து வரும் நேரம் அது. டிபியா முறிவுள்ள கால்களில் இந்த எண் மறுகாலைவிட உயர்ந்திருப்பதுதான் வழக்கம் என்று ஏற்கனவே ஆய்வுகளில் வந்திருக்கிறது. எனவே அடிபட்ட காலில் 67 வந்தால் அது "இயல்பு" இல்லை, இறங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 74ஐத் தொடக்க அளவாகப் பதிந்துவிட்டு, அதிலிருந்து 20 விழுக்காடு குறைந்தால் கருவி கத்த வேண்டும் என்று வைத்தோம். 74க்கு அது 59 ஆகும். பொதுவாக வைக்கும் 50 என்கிற ஒற்றை எல்லையை வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் இதுதான்.

காலை உயர்த்தி வைக்காமல் இதயத்தின் மட்டத்தில் வைத்தோம். வீக்கம் என்றால் தலையணை வைத்துத் தூக்குவது வார்டு வழக்கம். இங்கே தூக்கினால் தமனி அழுத்தமும் குறையும், அறைக்குள் ரத்தம் போவது இன்னும் கடினமாகும். வலிக்குப் பாராசிட்டமாலும் ட்ரமடாலும். நரம்பை மரத்துப் போகச் செய்யும் ஊசியை வேண்டுமென்றே தவிர்த்தோம், வலி என்கிற ஒரே சாட்சியை நாமே மூட வேண்டாம் என்று.

இரண்டு மணிக்கு மேல்

1.45க்கு வலது 70. 2.15க்கு 61. இடது கால் 67-இலேயே நின்றது. 2.20க்குக் கருவி கத்தியது, வார்டு சிஸ்டர் போன் செய்தார்.

நான் போனபோது நோயாளிக்கு மறுபடி வலி ஏறியிருந்தது. அவருடைய அம்மா வாசலிலேயே, "சார், உள்ளேருந்து யாரோ நெம்புற மாதிரி இருக்குன்னு அழுவுறான், ஊசி போட்டும் நிக்கல" என்றார். பரிசோதனையில் முன்பக்கம் பலகை மாதிரி இறுகியிருந்தது. கட்டைவிரலைப் பிடித்து மெதுவாகக் கீழே மடக்கியபோது கத்தினார். முதல் இரண்டு விரல்களுக்கு நடுவில் உள்ள தோலில் உணர்ச்சி மங்கல், அந்த இடத்துக்குப் போகும் நரம்பும் முன்னறை வழியாகத்தான் போகிறது. நாடி? நன்றாகவே இருந்தது. கால்விரல் ஆக்சிமீட்டரும் 98-இலேயே இருந்தது.

இந்த நேரத்தில் நடந்த இரண்டு காரியங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டும் நல்ல எண்ணத்தில் செய்தவை, இரண்டும் தவறான நிம்மதியைத் தரக்கூடியவை.

ஒன்று டாப்ளர், ஒலி அலையை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனை. கதிரியக்கப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார். முன் டிபியல் தமனியில் ஓட்டம் இருக்கிறது என்று எழுதினார். அதுவும் உண்மை. இதயம் தளரும் கட்டத்தில் ஓட்டம் அறுந்து போவதையும் அவரே கவனித்துக் குறித்தார், அது உள்ளே எதிர்ப்பு கூடியிருப்பதன் அடையாளம். ஆனால் கேஸ் ஷீட்டுக்குப் போனது முதல் வரி மட்டும்.

இரண்டாவது வாயு அளவு. 2.40க்கு ஒரு பி.ஜி. மருத்துவர் வலது தொடையிடுக்குச் சிரையிலிருந்து ரத்தம் எடுத்து அனுப்பினார். தசைக்கு ஆக்சிஜன் போதவில்லை என்றால் திரும்பி வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடும், ஆக்சிஜன் போதாத தசை வெளிவிடும் லாக்டேட்டும் கூடியிருக்க வேண்டும் என்பது அவர் யோசனை. உடலியல் பாடப்படி நல்ல யோசனைதான். முடிவு: ஆக்சிஜன் அழுத்தம் 41, செறிவு 74%, கார்பன் டை ஆக்சைடு 45, லாக்டேட் 1.8. எல்லாம் இயல்பு. ஆனால் அடைபட்ட அறையிலிருந்து ரத்தம் வெளியேறினால்தானே அது தொடைச் சிரைக்கு வரும்? அந்த ஊசியில் வந்தது, நன்றாக இருக்கிற தோல், தொடை, மற்ற தசைகளின் ரத்தம். மோசமான தசையின் ரத்தம் உள்ளேயே தேங்கிக் கிடந்தது. அடைப்பு முழுமையாக ஆக ஆக, இந்தச் சோதனை நல்ல முடிவையே காட்டும்.

அப்படியானால் தசைக்குள் ஓட்டத்தையே நேராக அளந்தால் என்ன? அளக்கலாம், ஆனால் நள்ளிரவு வார்டில் அல்ல. 1949-இல் சீமோர் கெட்டி கதிரியக்கச் சோடியத்தைத் தசையில் ஊசி போட்டு, அது எவ்வளவு வேகமாகக் கழுவப்படுகிறது என்பதிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிட்டார். 1960-களில் நீல்ஸ் லாசன் செனான்-133 என்கிற கரையும் வாயுவை வைத்து அதை மேம்படுத்தினார். ஓய்வில் 100 கிராம் தசைக்கு நிமிடத்துக்கு 2 முதல் 4 மி.லி. ரத்தம்தான் ஓடுகிறது. 1985-இல் பெர் ஆண்டர்சனும் பெங்ட் சால்டினும், ஒரு தொடையின் முன்தசை மட்டும் முழு வேகத்தில் வேலை செய்யும்போது அது 250 மி.லி.யைத் தொடும் என்று தொடைச் சிரையில் குளிர்ந்த திரவம் செலுத்தி அளந்து காட்டினார்கள். திசுவின் ஆக்சிஜன் அழுத்தத்தை நேராக அளக்க நுண் மின்முனைகள் உண்டு, ஓய்வில் தசையில் அது 20 முதல் 30 மி.மீ. பாதரசம் வரை வரும். இவையெல்லாம் ஆய்வகத்தின் கருவிகள். எங்களிடம் இருந்தவை மூளைக்காக வாங்கிய ஒரு பட்டையும், ஓர் ஊசியும், தமனி அழுத்தம் அளக்கும் டிரான்ஸ்டியூசரும்.

ஊசி சொன்னது

2.45க்கு வலது 54, இடது 66. எலும்புப் பிரிவின் மூத்த மருத்துவரை எழுப்பினோம். அவர் வந்து 3.05க்கு நான்கு அறைகளிலும் அழுத்தம் அளந்தார்.

டிரான்ஸ்டியூசரை ஊசி முனையின் மட்டத்தில் பூஜ்ஜியம் செய்து, குழாயில் குமிழி இல்லாமல் உப்பு நீர் நிரப்பி, 18 கேஜ் ஊசியை முறிவிலிருந்து 5 செ.மீ.க்குள் செலுத்தினோம். அதைவிடத் தள்ளிப் போனால் அழுத்தம் குறைவாகத் தெரியும், உச்சம் முறிவின் பக்கத்தில்தான் இருக்கும். ஊசி சரியான அறையில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மேலே தசையை விரலால் அழுத்தினால் திரையில் எண் துள்ள வேண்டும். சாதா ஊசி, பக்கத் துளையுள்ள ஊசியைவிட அதிகமாகக் காட்டும் என்பதையும் மனதில் வைத்தே எண்களைப் பார்த்தோம்.

அந்த நேரம் ரத்த அழுத்தம் 118/64. முன்னறை 44, பக்கவாட்டு அறை 39, பின் ஆழறை 37, பின் மேலறை 22.

அறையின் அழுத்தத்தைத் தனியாகப் பார்ப்பதைவிட, கீழ் ரத்த அழுத்தத்திலிருந்து அதைக் கழித்துப் பார்ப்பதே இப்போதைய வழக்கம். 1996-இல் மார்கரெட் மெக்குயினும் சார்ல்ஸ் கோர்ட்-பிரௌனும் 116 டிபியா முறிவு நோயாளிகளைத் தொடர்ந்து அளந்து வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை. அந்த வித்தியாசம் 30க்குக் கீழே போனால் உறையைத் திறக்க வேண்டும். இவருக்கு முன்னறையில் 64-44, அதாவது 20. பக்கவாட்டு அறையில் 25. ஆழறையில் 27. மேலறையில் மட்டும் 42.

3.20க்கு முடிவாயிற்று: நான்கு அறைகளையும் உடனே திறப்பது.

"காலையில் ஆணி வைக்கும்போது சேர்த்துச் செய்துவிடலாமே" என்று ஒரு குரல் எழுந்தது. தியேட்டர் ஆட்களைத் திரட்டுவது அந்த நேரத்தில் லேசான காரியம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எப்போது ஓட்டம் நின்றது என்று யாருக்கும் தெரியாது. 9 மணியிலிருந்து 12.50 வரை கட்டுக்குள் என்ன நடந்தது என்பதற்கு எந்த அளவீடும் இல்லை. அதன் பிறகு ஓட்டம் மீண்டது என்பதற்கு 74 என்கிற எண் சாட்சி. அது மீண்டும் இறங்கியது 2 மணிக்கு மேல். அந்த வரிசையைப் பார்த்துத்தான் மூத்த மருத்துவர், இன்னும் தசையைக் காப்பாற்றும் நேரம் இருக்கிறது, ஆனால் விடியும்வரை இல்லை என்றார்.

எண்களில் எது முடிவைத் தீர்மானித்தது என்று கேட்டால், ஊசியும் விரலை மடக்கியபோது வந்த வலியும்தான். சென்சார் செய்தது, ஊசியைச் சீக்கிரம் எடுக்க வைத்தது.

தியேட்டரில்

முதுகில் ஊசி போடவில்லை. ஸ்பைனல் மயக்கத்தில் கீழ் ரத்த அழுத்தம் விழும். 64 என்பது 50 ஆனால், அறையின் அழுத்தம் மாறாமலேயே அந்த 20 வெறும் 6 ஆகிவிடும். முழு மயக்கம் கொடுத்தோம், அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கக் கெட்டமின். வயிறு காலியில்லை என்பதால் வேகமாகத் தசையைத் தளர்த்த வேண்டியிருந்தது. அதற்கு வழக்கமான சக்சினைல்கோலின் வேண்டாம், சேதமான தசையிலிருந்து அது பொட்டாசியத்தைக் கொட்ட வைக்கலாம். ரோகுரோனியம் கொடுத்தோம். ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் டோர்னிகே பட்டையைக் கட்டவில்லை.

மருந்தடித்துத் துடைக்கும் முன் பட்டையை எடுக்க வேண்டியதாயிற்று. கடைசியாகக் காட்டியது 49. வெட்டு விழுவதும் அதே இடத்தில்தான். உறையைத் திறந்தவுடன் எண் ஏறியது என்று ஒரு வரைபடம் போட்டுக் காட்ட ஆசைதான், ஆனால் அதற்கு எங்களிடம் அளவீடு இல்லை.

4.10க்கு வெட்டு. வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, இரண்டும் நீளமாக. முன்னறை உறையைக் கீறியதும் தசை வெளியே பிதுங்கியது, நிறம் கருஞ்சிவப்பு. சில நிமிடங்களில் பெரும்பகுதி சிவந்தது, கிள்ளினால் சுருங்கியது, வெட்டிய இடத்தில் ரத்தம் கசிந்தது. பெருவிரலை உயர்த்தும் தசையில் ஒரு பகுதி மட்டும் மங்கலாகவே இருந்தது. அதை அப்போதே வெட்டாமல், இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டார்கள். எலும்பை வெளிச்சட்டம் போட்டு நிறுத்தினார்கள். திறந்த பிறகு முன்னறை அழுத்தம் 9.

வாயுக்கள் இப்போதுதான் பேசின. வெட்டுவதற்கு முன் மணிக்கட்டுத் தமனியில் எடுத்த ரத்தத்தில் பி.எச். 7.39, கார்பன் டை ஆக்சைடு 38, லாக்டேட் 1.7, பொட்டாசியம் 4.1. உறையைத் திறந்து சில நிமிடங்களில் மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு 34-லிருந்து 43க்கு ஏறியது. நாங்கள் வென்டிலேட்டரில் எதையும் மாற்றவில்லை. 15 நிமிடம் கழித்து எடுத்த தமனி ரத்தத்தில் பி.எச். 7.31, கார்பன் டை ஆக்சைடு 44, லாக்டேட் 3.6, பொட்டாசியம் 5.2. தொடைச் சிரையில் தேடிக் கிடைக்காதது எல்லாம், வழி திறந்தவுடன் உடல் முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது. இதை எதிர்பார்த்து முன்பே திரவம் ஏற்றியிருந்தோம், கால்சியம் குளுக்கோனேட் எடுத்து வைத்திருந்தோம். ஈ.சி.ஜி.யில் மாற்றம் வரவில்லை, அந்தக் கால்சியத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை.

அடுத்து வந்த நாட்கள்

மறுநாள் சிறுநீர் தேநீர் நிறத்தில் இருந்தது. சேதமான தசையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் நொதியான சி.கே.யின் அளவு 21,000 வரை போனது. மணிக்கு 200 மி.லி. சிறுநீர் வரும்படி திரவம் கொடுத்தார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.4 வரை ஏறி 0.9க்குத் திரும்பியது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை.

48 மணி நேரத்தில் மறுபடி தியேட்டர். சந்தேகமாக இருந்த தசைப்பகுதி சுருங்கவில்லை, ரத்தமும் வரவில்லை, அதை மட்டும் எடுத்தார்கள். இரண்டாம் வாரத்தில் வெளிச்சட்டத்தை எடுத்து உள்ளே ஆணி வைத்து, உள்பக்கக் காயத்தை இழுத்துத் தைத்து, வெளிப்பக்கத்துக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள்.

ஆறு மாதத்தில் எலும்பு கூடியிருந்தது. கணுக்காலை மேலே தூக்கும் வலு ஐந்துக்கு நான்கு. கட்டைவிரலைத் தூக்குவது பலவீனம், செருப்பு வழுக்கிப் போகிறது என்று பின்பட்டை உள்ள செருப்புக்கு மாறியிருந்தார். முதல் இரண்டு விரல்களுக்கு நடுவில் மரத்துப்போன உணர்ச்சி பாதி திரும்பியிருந்தது. சரக்கு ஆட்டோவை மறுபடி ஓட்டுகிறார். ஒட்டிய தோலின் தழும்பு மட்டும் வெயிலில் அரிக்கிறதாம்.

இப்போது மாற்றியிருப்பவை

டிபியா முறிவுக்கான இரவுக் கண்காணிப்புத் தாளில், நாடியும் கால்விரல் ஆக்சிமீட்டரும் "தமனி ஓட்டம்" என்ற தனிக் கட்டத்துக்குப் போய்விட்டன. தசை நிலை என்ற கட்டத்தில் வலி, விரலை மடக்கினால் வலி, கொடுத்த வலிமருந்தின் அளவு, கீழ் ரத்த அழுத்தம் ஆகியவை மணிக்கு ஒரு முறை. கீழ் அழுத்தத்துக்குத் தனி வரி கொடுத்தது எலும்புப் பிரிவின் யோசனை. 118/64 என்று சேர்த்து எழுதினால் கண் 118-இல்தான் நிற்கிறது.

டாப்ளர் அறிக்கையில் ஓட்டம் இருக்கிறதா என்பதோடு, இதயம் தளரும் கட்டத்தில் இருக்கிறதா என்பதும் கேட்கப்படுகிறது. கம்பார்ட்மென்ட் சந்தேகத்துக்குத் தொடைச் சிரை வாயு அளவு எடுப்பதை நிறுத்திவிட்டோம். தேவையில்லாமல் அடிபட்ட காலின் சிரையில் ஒரு குத்து, அவ்வளவுதான் மிச்சம்.

சென்சாரை எல்லோருக்கும் ஒட்டுவதில்லை. ஒரு முறை ஒட்டி எறிகிற பட்டை ஆயிரக்கணக்கில் விலை. நினைவில்லாதவர், போதையில் வந்தவர், குழந்தைகள், வலியைச் சொல்ல முடியாதவர்கள் ஆகியோருக்கு மட்டும், அதுவும் இரண்டு காலிலும் ஒட்டினால் மட்டுமே. முதல் எண்ணை நல்ல செய்தியாகப் படிக்கக்கூடாது என்பதால், முதல் அரை மணியின் எண்ணுக்குத் தாளில் "தொடக்கம்" என்று மட்டும் எழுதுகிறோம், இயல்பு என்றோ குறைவு என்றோ எழுதுவதில்லை. எச்சரிக்கை எல்லை அதிலிருந்து 20 விழுக்காடு.

பின் ஆழறைக்கு இன்னும் வழி இல்லை. இந்த நோயாளிக்கு அந்த அறையின் வித்தியாசம் 27, அங்கேயும் திறக்க வேண்டியிருந்தது, ஆனால் ஒட்டிய பட்டைக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. எலும்பின் உள்விளிம்புக்குப் பின்னால் ஒட்டிப் பார்த்திருக்கிறோம். மெலிந்தவர்களிடம் எண் வருகிறது, மற்றவர்களிடம் அது எந்தத் தசையின் எண் என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கே ஊசிதான்.

கட்டுப் போட்ட இடத்துக்கு எலும்புப் பிரிவிலிருந்து இருவர் நேரில் போய்ப் பேசினார்கள். சண்டைக்கு இல்லை. கட்டுப் போட்ட பிறகு வலி கூடினால் உடனே அவிழ்த்துவிட்டு அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டார்கள். அதன் பிறகு அங்கிருந்து இரண்டு பேர் கட்டை அவிழ்த்த நிலையில் வந்தார்கள். ஒருவருக்கு அழுத்தம் அளந்ததில் வித்தியாசம் 40க்கு மேல், மாவுப் பட்டையோடு கவனித்தாலே போதுமானதாக இருந்தது. இன்னொருவருக்கு இரவிலேயே உறையைத் திறக்க வேண்டி வந்தது.